தன் சம்பளத்தைக் கேட்டு வாங்கிய ஜேன்



சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓர் உறுப்பினர் எங்களிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "எங்க வீட்டுக்காரர் நல்லவருங்க. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கேட்டா கேட்டதைக் குடுப்பார். அப்புறம் எதுக்குங்க எனக்குன்னு தனியா ஒரு கணக்கு, தனியா ஒரு சேமிப்பு?"

கணவர் குடித்துவிட்டு வந்து சண்டை போடும் வீடு என்றால் பதில் சொல்வது எளிது. பயிற்சிகளில் பல முறை பேசியிருக்கிறோம். ஆனால் நல்ல கணவர் இருக்கும் வீட்டில் பெண்ணுக்குத் தனிப் பணம் எதற்கு? அன்று எங்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அவசரத்துக்கு உதவும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டோம்.

பஸ்ஸில் வரும்போது கல்லூரியில் படித்த ஒரு பழைய நாவல் ஞாபகம் வந்தது. பெயர் 'ஜேன் அயர்'. 1847-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இதே கேள்விக்கு அந்த நாவலில் ஒரு பெண் வாழ்ந்து பதில் சொல்கிறாள். அந்தக் கதையை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் குழுவில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

எழுதியவர் யார்?

இதை எழுதியவர் சார்லட் பிராண்ட்டே. 1816-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்சயர் பகுதியில் ஹாவர்த் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அப்பா அந்த ஊர்க் கோயிலின் பாதிரியார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். ஏழைப் பாதிரியார்களின் மகள்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சாப்பாடும் சரியில்லை, குளிருக்குத் துணியும் போதவில்லை. 1825-ல் சார்லட்டின் அக்காமார் இரண்டு பேர் நோயோடு வீடு திரும்பி இறந்துபோனார்கள்.

படித்த ஏழைப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இருந்த வேலைகள் இரண்டுதான். பள்ளியில் டீச்சர், அல்லது பணக்காரர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீட்டு ஆசிரியை. சார்லட் இரண்டையும் பார்த்தார். 1841-ல் ஒரு வீட்டில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதிலும் துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது ஏறத்தாழ 16 பவுண்டுதான்.

(பவுண்டு என்பது இங்கிலாந்துப் பணம். நகைக்கடையில் நாம் சொல்லும் 'பவுன்' இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள அவர்களுடைய தங்கக் காசு ஏறத்தாழ 8 கிராம் எடை. அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்.)

எழுத்தாளராக வேண்டும் என்று சார்லட் ஒரு பெரிய கவிஞருக்குக் கடிதம் எழுதினார். இலக்கியம் பெண்களின் வேலை இல்லை என்று 1837-ல் பதில் வந்தது. பிறகு தங்கைகளோடு சேர்ந்து வீட்டிலேயே பள்ளி தொடங்கலாம் என்று 1844-ல் நோட்டீஸ் அச்சடித்தார்கள். ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை. 1846-ல் மூன்று சகோதரிகளும் தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டார்கள். விற்றது இரண்டே பிரதி!

அதே 1846-ல் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மான்செஸ்டர் நகரில் அப்பாவுக்குத் துணையாக இருந்தபோதுதான் சார்லட் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் புத்தகம் வந்தது. பெண் பெயர் போட்டால் மதிக்க மாட்டார்கள் என்று 'கரர் பெல்' என்ற பெயரில் வெளியிட்டார். புத்தகம் உடனே பேர் வாங்கியது.

அண்டி வாழ்ந்த சிறுமி

கதைக்கு வருவோம். ஜேன் அப்பா அம்மா இல்லாத 10 வயதுச் சிறுமி. இறந்துபோன தாய்மாமன் வீட்டில், மாமியின் தயவில் வளர்கிறாள். மாமியின் மகன் அவளை அடிப்பான். "நீ எங்க சோத்தைத் தின்கிறவ" என்ற பேச்சு தினமும் உண்டு. ஒருநாள் அவன் புத்தகத்தை எறிந்து தலையில் ரத்தம் வருகிறது. ஜேன் முதல் முறையாகத் திருப்பித் தாக்குகிறாள். தண்டனை யாருக்கு? ஜேனுக்குத்தான். மாமன் உயிர்விட்ட சிவப்பு அறையில் தனியாக வைத்துப் பூட்டுகிறார்கள். பயத்தில் மயங்கி விழுகிறாள்.

பிறகு லோவுட் என்ற தர்மப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் எளிமையாக வளர வேண்டும் என்று அந்தப் பள்ளியின் நிர்வாகி போதனை செய்வார். இயற்கையிலேயே சுருட்டை முடி உள்ள ஒரு சிறுமியின் முடியைக்கூட வெட்டச் சொல்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவியும் மகள்களும் பட்டும் வெல்வெட்டும் உடுத்தி, முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள்! பள்ளியில் காய்ச்சல் பரவியபோது 80 பிள்ளைகளில் 45 பேர் ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள். ஜேனின் உயிர்த்தோழி காசநோயில் இறக்கிறாள். சார்லட் தன் அக்காமாரை நினைத்து எழுதிய பகுதி இது.

ஜேன் அங்கேயே படித்து, அங்கேயே டீச்சராகிறாள். 8 ஆண்டு ஓடிவிட்டது. ஒருநாள் ஜன்னல் வழியே மலைக்கு அப்பால் போகும் சாலையைப் பார்க்கிறாள். மனம் தவிக்கிறது. முதலில் விடுதலை வேண்டும் என்று கேட்கிறாள். அது ரொம்பப் பெரிய வார்த்தையாகத் தோன்றுகிறது. அப்படியானால் ஒரு மாற்றமாவது வேண்டும் என்கிறாள். அதுவும் எட்டாத தூரமாகப் படுகிறது. கடைசியில், இன்னொருவரிடம் வேலை செய்வதுதான் என் தலையெழுத்து என்றால், புது இடத்தில் ஒரு புது வேலையாவது கிடைக்கட்டும் என்று முடிவு செய்கிறாள்.

அழுதுகொண்டே உட்காரவில்லை. பத்திரிகையில் வேலை தேடி விளம்பரம் கொடுக்கிறாள். வேலை கிடைக்கிறது. லோவுட்டில் ஆண்டுக்கு 15 பவுண்டு. புது இடத்தில் 30 பவுண்டு. ஜேனின் விடுதலை இப்படி ஒரு சின்ன அடியில்தான் தொடங்குகிறது.

50 பவுண்டு நோட்டு

புது இடம் தார்ன்ஃபீல்டு என்ற பெரிய பங்களா. முதலாளி ராச்செஸ்டர். அவர் வளர்க்கும் சிறுமிக்கு ஜேன் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். ராச்செஸ்டர் அவளைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர். கோபக்காரர், ஆனால் ஜேனைச் சமமாக உட்காரவைத்துப் பேசுகிறார். இருவருக்கும் அன்பு வளர்கிறது.

இங்கேதான் எங்களுக்கு ஞாபகம் வந்த காட்சி இருக்கிறது. மாமி சாகக் கிடக்கிறார் என்று செய்தி வருகிறது. போய்ப் பார்க்க ஜேன் லீவு கேட்கிறாள். "கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்கிறார் ராச்செஸ்டர். பர்ஸில் இருப்பது 5 ஷில்லிங். அதுவரை சம்பளம் கொடுக்கவே இல்லை! அவர் உடனே 50 பவுண்டு நோட்டை எடுத்து நீட்டுகிறார். அவளுக்கு வர வேண்டியது 15 பவுண்டுதான். என்னிடம் சில்லறை இல்லை என்கிறாள் ஜேன். சில்லறை வேண்டாம், வைத்துக்கொள் என்கிறார் அவர். எனக்குச் சேர வேண்டியதற்கு மேல் வேண்டாம் என்று மறுக்கிறாள். கடைசியில் அவர் 10 பவுண்டு கொடுக்கிறார். அவள் வாங்கிக்கொண்டு, இன்னும் 5 பவுண்டு பாக்கி இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறாள்.

கவனித்துப் பாருங்கள். ராச்செஸ்டர் கஞ்சன் இல்லை. அன்பானவர், கேட்காமலே கொடுக்கிறவர். ஆனால் 15 பவுண்டு அவள் உழைத்த கூலி. மீதி 35 பவுண்டு அவர் பிரியப்பட்டுக் கொடுப்பது. கூலியை அவள் கணக்குச் சொல்லிக் கேட்கலாம். பிரியப்பட்டுக் கொடுப்பதற்குக் கணக்கு கேட்க முடியாது. நாளைக்குப் பிரியம் குறைந்தால் அதுவும் குறையும். இந்த வித்தியாசம் ஜேனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு கடிதம் செய்த வேலை

கல்யாணம் நிச்சயமாகிறது. ராச்செஸ்டர் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார். ஜேனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கூச்சமும் கோபமும்தான் வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் பாடம் சொல்லிக்கொடுப்பேன், அதே 30 பவுண்டு சம்பளம் வாங்குவேன், என் துணியை நானே வாங்கிக்கொள்வேன் என்கிறாள்.

அன்றே இன்னொரு வேலையும் செய்கிறாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் மதீரா தீவில் வியாபாரம் செய்கிறார். தன் சொத்தை ஜேனுக்குக் கொடுக்க விரும்பி அவர் எழுதிய கடிதத்தை மாமி மூன்று ஆண்டு மறைத்துவைத்திருந்தாள். 'ஜேன் செத்துப்போய்விட்டாள்' என்று பதிலும் போட்டிருந்தாள். எனக்கென்று சிறிது சொத்து வரும் என்ற நம்பிக்கையாவது இருந்தால், கணவர் செலவில் வாழ்வதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஜேன் சித்தப்பாவுக்குக் கடிதம் போடுகிறாள். தன் கல்யாணச் செய்தியையும் எழுதுகிறாள்.

அந்தக் கடிதம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. கடிதம் போய்ச் சேரும்போது சித்தப்பா நோயில் கிடக்கிறார். ராச்செஸ்டரை அறிந்த ஒருவர் தற்செயலாக அங்கே இருக்கிறார். அவர் வேறு யாருமில்லை, ராச்செஸ்டரின் மனைவியின் அண்ணன்! ஆமாம், ராச்செஸ்டருக்கு ஏற்கனவே கல்யாணமாகி மனைவி உயிரோடு இருக்கிறாள். மனநிலை பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணை அதே பங்களாவின் மூன்றாம் மாடியில் 10 ஆண்டாகப் பூட்டி வைத்திருக்கிறார். கோயிலில் கல்யாணம் நடக்கும் நேரத்தில் ஒரு வக்கீல் வந்து நிறுத்துகிறார்.

ராச்செஸ்டர் கெஞ்சுகிறார். வெளிநாட்டுக்குப் போய்க் கணவன் மனைவியாக வாழலாம், உனக்கு யார் இருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார். ஜேனுக்கும் அவர்மேல் உயிர்தான். ஆனால் கேட்க யாருமில்லை என்பதாலேயே தன் மரியாதையைத் தான்தான் காக்க வேண்டும் என்று முடிவு செய்து, விடிவதற்கு முன் வீட்டை விட்டுப் போகிறாள். அவர் கொடுத்த முத்துமாலையை அங்கேயே வைத்துவிடுகிறாள்.

20 ஷில்லிங்

சகோதரிகளே, இதோடு கதையை நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சார்லட் நிறுத்தவில்லை.

ஜேனின் கையில் இருந்தது 20 ஷில்லிங். வண்டிக்காரர் கேட்டது 30. இருப்பதை வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்துக்கான தூரத்தில், வீடே இல்லாத பொட்டல் வெளியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். துணி மூட்டையும் வண்டியிலேயே போய்விட்டது. இரவில் வெட்டவெளியில் படுக்கிறாள். ஊருக்குள் போய் வேலை கேட்கிறாள், கிடைக்கவில்லை. கழுத்துக்குட்டையையும் கையுறையையும் கொடுத்து ஒரு ரொட்டி கேட்கிறாள். கடைக்காரப் பெண் மறுக்கிறாள். பன்றிக்குக் கொட்டப் போன ஆறிய கஞ்சியை வாங்கிக் குடிக்கிறாள்.

தைரியம் இருந்தது, மானம் இருந்தது. கையில் சேமிப்பு இல்லை, போய் நிற்க ஒரு வாசல் இல்லை. அப்போது விடுதலை என்பது பட்டினியாகத்தான் இருக்கும் என்பதைச் சார்லட் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரே 16 பவுண்டில் ஓர் ஆண்டு ஓட்டியவர் அல்லவா!

கடைசியில் ஒரு வீட்டில் அண்ணனும் இரண்டு தங்கைகளும் அவளைக் காப்பாற்றுகிறார்கள். அங்கே ஏழைப் பெண் பிள்ளைகளுக்கான கிராமப் பள்ளியில் ஜேன் டீச்சராகிறாள். 20 பிள்ளைகள். மூன்று பேருக்குத்தான் படிக்கத் தெரியும், எழுதவோ கணக்குப் போடவோ ஒருவருக்கும் தெரியாது. தங்க ஒரு குடிசை வீடு, ஆண்டுக்கு 30 பவுண்டு. அங்கே அவள் தலைநிமிர்ந்து இருக்கிறாள்.

நான்கு பங்கு

பிறகு சித்தப்பா இறந்து அவருடைய 20,000 பவுண்டு சொத்து ஜேனுக்கு வருகிறது. அதே நேரத்தில் தன்னைக் காப்பாற்றிய மூன்று பேரும் தன் அத்தை பிள்ளைகள் என்று தெரிகிறது. ஜேன் என்ன செய்தாள் தெரியுமா? ஆளுக்கு 5,000 பவுண்டு என்று நான்கு பங்காகப் பிரித்துவிடுகிறாள். சட்டப்படி எல்லாம் உன்னுடையதுதான் என்று அந்த அண்ணனே சொல்கிறார். அவள் கேட்கவில்லை. தனியாக 20,000 வைத்திருப்பதைவிட, சொந்தபந்தத்தோடு 5,000 போதும் என்கிறாள். அடுத்தவர் காசு 35 பவுண்டை வேண்டாம் என்றவள்தான், தன் காசு 15,000 பவுண்டைப் பிரித்துக் கொடுக்கிறாள்.

அந்த அண்ணன் செயின்ட் ஜான், பாதிரியார். இந்தியாவுக்கு மதப்பணிக்குப் போகிறவர். தன்னைக் கல்யாணம் செய்துகொண்டு உதவிக்கு வரச் சொல்லி ஜேனை வற்புறுத்துகிறார். அதற்காக அவளை இந்துஸ்தானி மொழிகூடப் படிக்க வைக்கிறார். அவருக்கு ஜேன்மேல் அன்பு இல்லை. வேலைக்கு ஆள் வேண்டும். மறுத்தால் கடவுளையே மறுப்பது போல என்கிறார். தங்கையாக வேண்டுமானால் வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்கிறாள் ஜேன். ராச்செஸ்டர் அன்பைக் காட்டி அழைத்தார், இவர் கடமையைக் காட்டி அழைக்கிறார். இரண்டு பேருக்கும் 'மாட்டேன்' என்று சொல்ல அவளால் முடிந்தது.

கடைசியில் ராச்செஸ்டரைத் தேடிப் போகிறாள். பங்களா தீயில் எரிந்துவிட்டது. தீ வைத்த மனைவி மாடியிலிருந்து குதித்து இறந்துவிட்டாள். அவளைக் காப்பாற்றப் போன ராச்செஸ்டருக்குப் பார்வையும் ஒரு கையும் போய்விட்டன. ஜேன் அவரிடம், எனக்குச் சொந்தப் பணம் இருக்கிறது, நீங்கள் என்னைச் சேர்க்காவிட்டால் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்வேன் என்கிறாள். பிறகுதான் கல்யாணம். இப்போது அவள் போக்கிடம் இல்லாமல் வரவில்லை, விரும்பி வருகிறாள்.

மாடியில் பூட்டப்பட்ட பெண்

இந்தக் கதையில் நம் மனதை உறுத்தும் ஒன்று உண்டு. அந்த மனைவி, பெர்த்தா. ஜமைக்கா தீவுக்காரி. 30,000 பவுண்டு சீதனம் வரும் என்றுதான் ராச்செஸ்டரின் குடும்பம் அவளைக் கட்டிவைத்தது. பணம் புருஷன் வீட்டுக்கு வந்தது, அவள் பூட்டிய அறைக்குப் போனாள். நாவல் முழுவதும் அவள் தன் வாயால் தன் கதையைச் சொல்லவே இல்லை. ஜேனின் விடுதலைக்காகக் கவலைப்பட்ட சார்லட்டுக்கு பெர்த்தாவின் பக்கம் போதுமான அளவு தெரியவில்லை என்றுதான் நாம் சொல்ல வேண்டும். கரீபியன் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் என்ற பெண் எழுத்தாளர் 1966-ல் அந்த மனைவியின் கதையைத் தனி நாவலாகவே எழுதினார்.

பெர்த்தாவின் 30,000 எங்கே போனது என்பதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணமானால் மனைவியின் பணமும் சம்பளமும் கணவருக்கே போகும். முன்கூட்டியே தனிப் பத்திரம் எழுதிய குடும்பங்களுக்கு மட்டும் தப்பிக்க வழி இருந்தது. 1870-ல் வந்த சட்டத்தால்தான் மனைவி சம்பாதித்த கூலி அவளுக்கே சொந்தமானது. 1882-ல் வந்த சட்டம் எல்லாச் சொத்துக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. சார்லட் 1854-ல் கல்யாணம் செய்தபோது இந்தச் சட்டங்கள் இல்லை. அதனால் தன் எழுத்துச் சம்பாத்தியம் தன் பெயரிலேயே இருக்கும்படி முன்பே பத்திரம் எழுதிவைத்தார். அவருடைய கணவரும் நல்ல மனிதர்தான்! ஓர் ஆண்டு முடிவதற்குள், 1855-ல், 38 வயதில் சார்லட் இறந்துபோனார்.

கேள்விக்குப் பதில்

"நல்லவர்தான், கேட்டா குடுப்பார். பிறகு எதுக்குத் தனிக் கணக்கு?" என்று கேட்ட அந்த உறுப்பினருக்கு இப்போது பதில் சொல்கிறோம். அம்மா, உங்கள் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு நாங்கள் இதைச் சொல்லவில்லை. அவர் நல்லவராக இருப்பது உங்கள் பாக்கியம். ஆனால் உங்கள் உழைப்பில் வந்தது உங்கள் பெயரில் இருப்பது உங்கள் உரிமை. பாக்கியம் இருக்கிறது என்பதற்காக உரிமையை விட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கலாம். ஜேனுக்குக் கடைசியில் இரண்டும் கிடைத்தன.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. 50 பவுண்டு நோட்டை ஜேன் மறுத்தது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. நம் வீட்டில் நாம் கேட்டு வாங்கும் பணம் எது? நம்முடையது என்று கணக்குச் சொல்லக்கூடிய பணம் எது?

3. திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால், நம் கையில் எத்தனை நாளுக்குப் பணம் இருக்கும்? யார் வாசலில் போய் நிற்போம்? நம் குழு அப்படி ஒரு வாசலாக இருக்கிறதா?

4. நம் ஊரில் பெர்த்தாவைப் போல, மனநலம் சரியில்லை என்று வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்ட பெண் யாராவது இருக்கிறாரா? அவருக்கு மருத்துவம் கிடைக்க நம் குழு என்ன செய்யலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் கூட்டத்துக்கு வரும்போது படித்துக் காட்டுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரிக்கு எங்கள் நன்றி. இப்படிக் கேள்விகள் நிறைய வரட்டும்.